நடு இடம்

எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு இன்னும் சேராத காலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முழுசாய்ப் போனவன் என் தம்பி ஒருவன்தான். நான் மூன்றாம் வகுப்போடு கட்டுமரத்தில் ஏறிவிட்டேன்.

மரத்தில் மூன்று பேர். பின்னால் அப்பா, முன்னால் நான், நடுவில் சித்தப்பா. எங்கள் கரையில் ஒரு வழக்கம். ஒருவன் ஒரு முறை துடுப்புப் போட்ட இடம் அவனுடையது. உடம்பு முடியாமல் போகிறவரை மாறாது, அவனும் விட்டுப் போக முடியாது.

தம்பியின் பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரிச் சாமியார் தென்னந்தடியில் வளையம் மாட்டி பாஸ்கட்பால் பழக்கினார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டோம். பூசை முடிந்ததும் அங்கே போய் நிற்பேன். அங்கே தம்பிக்கு நடு இடம், வளையத்துக்குக் கீழே. அவன் உயரம் அப்படி. அவனுக்குப் பந்து கொடுப்பவன் வயல்காரர் வீட்டுப் பையன். குள்ளம். முதலில் இருவருக்கும் ஒத்து வரவில்லை. அவன் கூப்பிட்டுவிட்டுத்தான் எறிவான். எதிராளி முந்திக்கொள்வான்.

"ஏலே, கூப்பாடு போடாத. நீ எறி, நான் அங்க நிப்பேன்" என்றான் தம்பி.

"நீ நிக்கலேன்னா?"

"ஹேய் ஹேய்னு மாட்டப் பத்துத மாதிரி என்னப் பத்தாதலே."

எல்லோரும் சிரித்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவன் பார்க்காமலே எறியப் பழகிவிட்டான். பந்து போகும். தம்பியின் கை அங்கே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போலீஸ் டீமுக்கு ஆள் எடுப்பவர் வருகிறார் என்று சாமியார் சொன்னார். நன்றாக ஆடினால் தம்பிக்கு வேலை உண்டு. கடலை விட்டுப் போக அவனுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

சித்தப்பாவுக்கு இருமல் கூடிக்கொண்டே வந்தது. வீட்டு மூலையில் ஒரு பலகை சாத்தியிருந்தது. புதுத் துடுப்புக்கு. துடுப்பை ஆள் அளவுக்கு வெட்ட வேண்டும். வளர்ந்து முடியட்டும் என்று அப்பா வெட்டாமல் வைத்திருந்தார். தம்பி கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்ட அன்று அப்பா அவனைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அம்மா அதைக் கண்டாள்.

ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் சித்தப்பா இரத்தம் துப்பினார்.

"நாளைக்கு ஒரு நாள் வா மக்கா. மீன்பாடு உண்டு" என்றார் அப்பா.

"நாளைக்கு ஆட்டம் உண்டுப்பா."

"உச்சைக்கு முன்ன கரையேறிரலாம்."

"அவன மரத்துல ஏத்தாதேயும்" என்றாள் அம்மா.

"ஒரு நாள்தானேம்மா" என்றான் தம்பி.

மறுநாள் சித்தப்பாவின் துடுப்போடு நடுவில் உட்கார்ந்தான். வலை போட்ட பிறகு காற்று மாறியது. மேற்கே கறுத்தது. உச்சி போயிற்று. தம்பி கரைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு திரும்பவில்லை.

பொழுது சாய்ந்து கரையேறினோம். வயல்காரப் பையன் மணலில் நின்றிருந்தான்.

"உன் எடத்துக்கே எறிஞ்சேன்லே. பழக்கம். பந்து வெளிய போயிட்டு."

"அடுத்த ஆட்டத்துக்கு வருவேன்."

பையன் அவன் உள்ளங்கையைப் பார்த்தான். தோல் உரிந்திருந்தது. திரும்பி நடந்தான்.

வீட்டில் அப்பா பலகையை வெளியே எடுத்தார். தம்பியை நேராக நிற்கச் சொன்னார். பலகையை அவன் பக்கத்தில் நிறுத்திக் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா மரம் செதுக்கும் வாச்சியை எடுத்தார்.