மலைச்சாலையில் கழலாத பில்டர்

எழுபதுகளில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்தேன். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். பிரசவமெல்லாம் என் பொறுப்பு. என்னால் ஆகாது என்று பட்டால் மானேஜர் பங்களாவுக்குச் சொல்லி அனுப்புவேன். அவருடைய கார் வரும்.

அன்று மத்தியானம் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் இல்லாமல் எடுக்க முடியாது. பின்சீட்டில் ரப்பர் விரிப்பைப் போட்டு அவளைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் ஏந்திக்கொண்டேன். அவள் புருஷன் முன்னால் ஏறினான். அடிமாலி ஆஸ்பத்திரியை நோக்கி இறங்கினோம்.

பாதி வழியில் டிரைவர் சட்டென்று காரை ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தார்.

“ஏண்ணே நிறுத்திட்டீங்க?” என்று புருஷன் கத்தினான்.

“சிவப்பு லைட்டு எரியுது. ஆயில் எறங்கிப்போச்சு. இதுக்கு மேல ஓட்டினா எஞ்சின் பிடிச்சுக்கும், அப்புறம் நகராது.”

பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தார். முந்தின நாள்தான் ஒர்க்ஷாப்பில் ஆயில் பில்டரை மாற்றியிருந்தார்கள். அந்த டப்பா எஞ்சினோடு சேரும் இடத்திலிருந்து எண்ணெய் கசிந்து வழிந்துகொண்டிருந்தது.

“பழைய ரப்பர் வளையத்த எடுக்காமலே புதுசப் போட்டுட்டானுகன்னு நெனக்கிறேன். கழத்திப் பார்த்தாத்தான் தெரியும், சிஸ்டர்.”

டிக்கியில் ஒரு டின் ஆயில் இருந்தது. பில்டரைக் கழற்றும் ஸ்பானர் இல்லை. துணியைச் சுற்றிக் கையால் திருகிப் பார்த்தார். சூட்டில் கையை உதறினார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி டப்பாவில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் பெல்ட் வழுக்கியது. மண்ணை அள்ளித் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்தார். வழுக்கியது.

மடியில் கிடந்தவள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. வயிற்றில் குழலை வைத்துக் குழந்தையின் துடிப்பை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியாகக் கேட்டபோது அது தாமதித்துத் தாமதித்து அடித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சாலையில் மேலேயோ கீழேயோ வண்டிச் சத்தமே இல்லை.

புருஷன் டூல்ஸ் பையிலிருந்து பெரிய ஸ்க்ரூடிரைவரையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தான். “இத உள்ள அடிச்சு எறக்கித் திருப்பினா வராம எங்க போகும்?”

டிரைவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். “வரும்டா. ஓட்டையான டப்பாவ மறுபடி எப்படி மாட்டுறது? வேற பில்டர் ஏது இங்க?”

“அப்ப என் பொண்டாட்டி இங்கயே சாகட்டுமா?”

இருவரும் சுத்தியலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வழுக்குவதுதானே சிக்கல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கால்மாட்டில் ரப்பர் விரிப்பு மிஞ்சிக் கிடந்தது. பையிலிருந்து கத்தரியை எடுத்து அகலமாக ஒரு துண்டு வெட்டினேன்.

“நீ வந்து இவ தலையப் பிடிச்சுக்க” என்று புருஷனிடம் சொன்னேன்.

“சிஸ்டர், என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க” என்றாள் அவள்.

“இங்கனதான் நிக்கிறேன் தாயி.”

டிரைவர் டப்பாவைத் துடைத்து, ரப்பர் துண்டைச் சுற்றி, அதன்மேல் பெல்ட்டைப் போட்டார். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, பெல்ட்டின் நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டார். நான் மேலேயிருந்து கையை நுழைத்து ரப்பர் நழுவாமல் அழுத்தினேன். எஞ்சினின் சூடு முழங்கைவரை சுட்டது.

“இப்ப விட்டுராதீங்க!”

அவர் இழுத்தார். அசையவில்லை. மூச்சை அடக்கி இன்னொரு முறை இழுத்தார். டப்பா கறகறவென்று நகர்ந்தது. அடுத்த இழுப்பில் இளகிவிட, சூடான எண்ணெய் அவர் கைமேல் கொட்டியது. அலறினார், ஆனால் டப்பாவைக் கீழே விடவில்லை.

டிரைவர் நினைத்தது சரிதான். பழைய வளையம் எஞ்சினோடு ஒட்டிக் கிடந்தது. புதியது அதன்மேல் உட்கார முடியாமல் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. பழையதை நகத்தால் பெயர்த்து எறிந்தார். புதியதைச் சரியாகப் பொருத்தி, விரலால் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கி மாட்டினார். டின் ஆயிலை முழுக்க ஊற்றினார்.

நான் மறுபடி அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டதும் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது, சிவப்பு விளக்கு அணையவில்லை. மூவரும் அதையே பார்த்தோம். டிரைவர் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் காத்திருந்தார். விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. வண்டி நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை நேரே ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. எடுத்த உடனே அழவில்லை, நீலம் பாரித்திருந்தது. முதுகைத் தேய்த்துத் தேய்த்து விட்டபின், கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. தாயும் பிழைத்தாள்.

நான் வெளியே வந்து சொன்னபோது புருஷன் பெஞ்சிலிருந்து எழுந்து டிரைவரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவர் கொப்புளம் எழும்பிய கையை அவன்மேல் படாமல் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.