இல்லாத ஒப்பரேஷனும் சரோஜாக்காவின் சுடுதண்ணிப் பையும்

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த மேல்வீட்டுச் சரோஜாக்காவை இன்று காலை வெள்ளவத்தைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். வழிநெடுகப் பிரசங்கம் வேறு.

அவர் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். என் முறை வந்ததும் அந்தப் பிரசங்கமெல்லாம் மறந்து, தப்பிக்க வழி தேடினேன்.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு, மிஸ்ஸி" என்று தாதியிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

தாதி பேனையைத் திறந்தார். "கழுத்தும் சேர்த்தோ எடுத்தவை? சிலருக்குக் கழுத்தை விட்டிட்டு எடுப்பினம். அப்பிடியெண்டா டெஸ்ட் செய்யத்தான் வேணும். முழுசா எடுத்ததெண்டு எழுதின ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினாத்தான் உங்களை விலக்கி எழுதுவன்."

"துண்டு வெள்ளத்தோட போயிட்டுது, மிஸ்ஸி."

நாங்கள் இருப்பது நாலாம் மாடி.

பின்னாலிருந்து சரோஜாக்காவின் குரல் கிளம்பியது. "எப்பயடி எடுத்தனி? போன கிழமையும் பீரியட்ஸ் வயித்துக்குத்தெண்டு என்ர சுடுதண்ணிப் பையை வாங்கிக்கொண்டு போனியே! இன்னும் திருப்பித் தரேல்லை!"

வரிசையில் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தாதி பேனையை மூடிவிட்டுக் கட்டிலைக் காட்டினார்.

இத்தனை கூத்துக்கும் பிறகு, நான் ஒரு ஊர்வம்பு சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் பரிசோதனை முடிந்துவிட்டது.

இந்தப் பரிசோதனைக்குப் போகாமல் தப்பித் திரிபவர்கள் உங்கள் பொய்யைக் கீழே எழுதுங்கள். சரோஜாக்காவை அனுப்பிவைக்கிறேன்.