வெள்ளிக் கோள் படித்த பிள்ளை

2009 சித்திரையில் நான் சுவிட்சர்லாந்தில், லாங்கன்தாலில் இருந்தேன். காலையில் முதியோர் இல்லத்தில் வேலை. புதன்கிழமைப் பின்னேரங்களில் பள்ளிக்கூடக் கணினி அறையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு உதவுவேன்.

ஆறாம் வகுப்பில் ஆளுக்கொரு கோளைக் கொடுத்து, இணையத்தில் தேடி வகுப்புக்கு முன்னால் பேசச் சொல்லியிருந்தார்கள். பலர் முதலில் வரும் பக்கத்தை அப்படியே பார்த்து எழுதினார்கள். “ஒண்டை மட்டும் நம்பாதேங்கோ, மூண்டு இடத்தில பாருங்கோ” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்தது. கேட்டது ஒரு பிள்ளைதான். அவளுக்கு வெள்ளி கிடைத்திருந்தது. அங்கே ஒரு வருடத்தைவிட ஒரு நாள் நீளம் என்பதை அவள் நம்பாமல் தேடித் தேடிப் பார்த்தாள்.

அவளுடைய தாய் எங்கள் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்தார். தாயின் தங்கை போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். இடைவேளை தோறும் தாய் தொலைபேசியை அழுத்திக்கொண்டிருப்பார்.

ஒரு புதன்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“அன்ரி, இதை ஒருக்கா வாசியுங்கோ. எனக்குத் தமிழ் கெதியா வாசிக்க வராது.”

திரையில் வெள்ளி இல்லை. மரத்தடியில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்த உடல்கள். ஒரு பெண்ணைத் தொட்டுக் காட்டினாள். “இது எங்கட சின்னம்மா.”

கீழே பெயரும் ஊரும் இருந்தன. தாய் எனக்குச் சொல்லியிருந்த அதே பெயர், அதே ஊர். அவரேதான்.

“இல்லை, பிள்ளை. அந்தப் பேர் கனபேருக்கு இருக்கும்.”

“மூண்டு இடத்தில பாத்திட்டன் அன்ரி. மூண்டிலயும் இதுதான் கிடக்கு.”

“அம்மாட்டச் சொல்லாதை. நான் விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்றேன்.

“ஓம்” என்றாள். பக்கத்தை மூடிவிட்டு வெள்ளியின் வெப்பநிலையை எழுதத் தொடங்கினாள்.

நான் விசாரிக்கவில்லை. சொல்லவுமில்லை. தாய் ஒவ்வொரு நாளும் “இண்டைக்கும் லைன் கிடைக்கேல்லை” என்பார், நான் தலையாட்டுவேன். பிள்ளை வகுப்பில் நன்றாகப் பேசினாள் என்று ஆசிரியை சொன்னார். மூன்று கிழமைக்குப் பிறகு, வன்னியிலிருந்து தப்பி அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்த உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் செய்தி சொன்னார். தாய் கதறியபோது பிள்ளை அழவில்லையாம். “எனக்கு முந்தியே தெரியும்” என்றாளாம்.

ஒரு கிழமை கழித்துத் தாய் வேலைக்கு வந்தார். நேரே என்னிடம் வந்து நின்றார்.

“உமக்கும் தெரியுமோ?”

“ஓம்.”

“தங்கச்சி உயிரோட இருக்கவேணுமெண்டு நான் விரதம் பிடிச்சன். என்ர பிள்ளை பக்கத்தில இருந்து அதைப் பாத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குப் பன்ரண்டு வயசு.”

அவர் கட்டில் விரிப்பொன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினார். மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

“வேண்டாம்” என்றார்.

பிள்ளை அதன்பிறகு புதன்கிழமைகளில் வரவில்லை.