எல்லாரும் இறங்கிய சமன்பாடு

போன கிழமை வாழைச்சேனை பஸ்ஸில் ஒரு கூத்து. செங்கலடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் சட்டென்று நின்றது. டிரைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பாதிப் பேர் எழுந்து, பையைத் தூக்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையாக இறங்கிவிட்டார்கள். நானும்தான்! கீழே வந்து பார்த்தால்... டயர் பஞ்சர்.

சண்டைக் காலத்தில் சென்றியில், அதாவது இராணுவச் சோதனைச் சாவடியில், பஸ் நின்றால் இப்படித்தான் இறங்குவோம். சண்டை முடிந்துவிட்டது. சரி, அதை எங்கள் கால்களுக்கு யார் சொல்வது?

இந்த இறங்கும் பழக்கம் ஒரு முறை என் கணக்கு வகுப்புக்குள்ளேயே வந்திருக்கிறது. வாகரைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்த வருடம் அது. முதலில் சுனாமியில் கடல் கிளப்பியது, பிறகு சண்டை. முகாம் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள்.

பள்ளிக்கூடத்து அதிபருக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட மனிதரில்லை – பரீட்சை முடிவை நினைத்துப் பயப்படுகிற மனிதர்.

"டீச்சர், இதுகள் மாசக்கணக்காப் பள்ளிக்கூடமே போகல்ல. ஏழாம் வகுப்பில இருத்துவம். அதுதான் அதுகளுக்கும் நல்லம்."

"நான் படிப்பிக்கிறன் சேர்."

"சரி. வெள்ளிக்கிழமை வந்து பலகையில ஒரு சமன்பாடு போடுவன். செஞ்சா எட்டு. செய்யாட்டி ஏழு."

இதை வகுப்பில் சொன்னபோது யோகிதா என்ற பிள்ளை எழுந்து நின்றாள். வகுப்பிலேயே உயரமானவள். "இறக்கினா நான் வரமாட்டன் டீச்சர்," என்றாள். கடல் வந்த பிறகு அவளுடைய அக்காவை இப்படித்தான் ஒரு வகுப்பு இறக்கினார்களாம். சின்னப் பிள்ளைகளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு, வெட்கத்தில் அக்கா நின்றுவிட்டாள். அதோடு அவள் படிப்பு முடிந்தது. யோகிதா அழவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

பார்க்கலாம் என்று தொடங்கினேன். x + 5 = 12. எல்லா டீச்சர்மாரும் சொல்கிற ஷோர்ட் கட்டையே நானும் சொன்னேன். சமன் குறியைத் தாண்டினால் அடையாளம் மாறும் – கூட்டல் கழித்தலாகும். விடை 7. இதில் என்ன கஷ்டம்?

முகாம் பிள்ளைகள் அத்தனை பேரும் 17 என்று எழுதியிருந்தார்கள்.

பார்த்தெழுதினார்களா? பக்கத்தில் ஊர்ப் பிள்ளைகள் 7 என்று எழுதி வைத்திருக்க, பார்த்தெழுதுகிறவன் 17 என்றா எழுதுவான்? கொப்பியை வாங்கி வரி வரியாகப் பார்த்தேன். தாண்டிப்போன ஐந்துக்கு அடையாளம் மாற்றியிருந்தார்கள் – சரி. தாண்டாத xக்கும் மாற்றியிருந்தார்கள். பாவம், தன் பாட்டில் இருந்த பன்னிரண்டையும் விட்டுவைக்கவில்லை. −x = −12 − 5, ஆகவே x = 17.

"தாண்டுறது அஞ்சு மட்டும்தானே பிள்ள? மத்ததுக்கெல்லாம் ஏன் மாத்தினீங்க?"

யோகிதாதான் பதில் சொன்னாள். "சென்றியில ஒராளைத்தான் செக் பண்ணுற எண்டாலும், பஸ்ஸில இரிக்கிற எல்லாரும் இறங்கணும்தானே டீச்சர்?"

முகாம் பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள். இது கூடத் தெரியாத டீச்சரா என்று என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் லேசில் விடுகிற ஆளில்லை. சமன்பாட்டை அழித்துவிட்டு மேசையில் ஏறி உட்கார்ந்தேன்.

"முகாமில கூடாரம் ரெண்டு வரிசை இரிக்கி. பருப்புக் குடுக்கக்குள்ள ஒரு வரிசைக்கு மட்டும் ஒரு சுண்டு குறைச்சா?"

"சண்டை வரும் டீச்சர்."

"வராம இரிக்க என்ன செய்யணும்?"

"மத்த வரிசைக்கும் ஒரு சுண்டு குறைக்கணும்."

அவ்வளவுதான்! சமன்பாடு என்றால் வேறென்ன? இந்தப் பக்கம் எடுத்ததை அந்தப் பக்கமும் எடு. இந்தப் பக்கம் பிரித்ததை அந்தப் பக்கமும் பிரி. நிவாரண வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டுமா? அடுத்த நாளே நான் வேண்டுமென்று ஒரு பக்கத்தில் மட்டும் கழித்தேன். "அது அநியாயம் டீச்சர்," என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. ஊர்ப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அதிபர் வந்தார். பலகையில் 3x + 4 = 19 என்று எழுதினார். உயரத்தைப் பார்த்தோ என்னவோ, யோகிதாவைத்தான் கூப்பிட்டார்.

அவள் 3x + 4 − 4 = 19 − 4 என்று எழுதினாள். அதிபர் நெற்றியைச் சுருக்கினார்.

"இதென்ன சுத்தி வளைச்சு? நாலைத் தூக்கி அங்கால போடு. அடையாளம் மாறும்."

மறுபடியும் எல்லாரையும் இறக்கிவிடுவாளோ...? சோக் பலகையில் அப்படியே நின்றது. பிறகு அவள் திரும்பினாள்.

"ஒண்டையும் தூக்கத் தேவையில்ல சேர். எல்லாரும் அவங்கட இடத்திலயே இரிக்கட்டும். ரெண்டு பக்கமும் சமனாக் குறைச்சா விடை வந்திரும்."

சொல்லிவிட்டு 3x = 15 என்றும், அதற்குக் கீழே x = 5 என்றும் எழுதினாள். கேட்காமலே, மூவைந்து பதினைந்து, நாலையும் கூட்டினால் பத்தொன்பது என்று சரிபார்த்தும் காட்டினாள். அதிபர் வாசல் வரை போய்த்தான் திரும்பினார்.

"இதுகள் எட்டிலயே இரிக்கட்டும் டீச்சர். ஒன்பதில கொண்டுபோய் இருத்திப்போடாதீங்க."

பிள்ளைகளின் பிழை சும்மா வருவதில்லை. அவர்கள் பார்த்த உலகத்தின் சட்டத்தை நம் கணக்கிலும் போட்டுப் பார்க்கிறார்கள். உலகம் பிழையாக இருந்தால் கணக்கு என்ன செய்யும்?

தாண்டினால் அடையாளம் மாறும் என்ற அந்த ஷோர்ட் கட் இன்றைக்கும் எல்லா வகுப்பிலும் ஓடுகிறது, என் வகுப்பில் மட்டும் இல்லை – எங்கள் பிள்ளைகள் தாண்டியது போதும்.