வெள்ளிக்கிழமைத் தாளின் பின்பக்கம்

ஊருக்கெல்லாம் பணத்தைப் பற்றி யோசனை சொல்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டவன் நான். இது தெரிந்ததும் பலர், "அப்ப நீங்க நல்லாச் சேத்திருப்பீக அண்ணாச்சி" என்பார்கள். நான் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். ஊர்ப் பணத்தைப் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரியுமோ, என் பணத்தைப் பற்றியும் அவ்வளவு தெரியும். அதனால்தான் அந்தப் பையில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

அவள் விருதுநகரில் ஒரு நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தபோது மார்க்கெட் நிலவரம் எழுதச் சொன்னார்கள். வத்தல், மல்லி, உளுந்து, நல்லெண்ணெய் என்று தினமும் மண்டிகளுக்கு போன் போட்டு விலை கேட்டு எழுத வேண்டும். அலுவலகத்தில் அதைத் தண்டனையாக நினைத்தார்கள். இவளோ விலையைக் கேட்டதோடு விடமாட்டாள். ஏன் ஏறியது, யார் வாங்கிப் போகிறார்கள், போன வாரம் விற்றவன் இப்போது என்ன சொல்கிறான் என்று துருவுவாள். மண்டிக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள், ஆனால் போனை வைக்கமாட்டார்கள். அவர்களே மறந்துபோனதை இவள் ஞாபகம் வைத்திருப்பாள்.

பிறகு வீட்டு வரவுசெலவு பற்றி வாராவாரம் எழுதச் சொன்னார்கள். சென்னையிலிருந்து மாதிரிக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் இவ்வளவை எடுத்து வை, மாதக் கடைசியில் இவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று இருந்தது. இவள் ஆசிரியருக்கு போன் போட்டாள். "சார், எங்க பக்கம் ஒண்ணாந்தேதியே கிடையாது. சனிக்கிழமைதான் உண்டு. வருஷமும் சித்திரையில பொறக்கறதில்ல, தீபாவளிக்கு மறுநாள்தான் பொறக்குது" என்றாள். எதிர்முனையில் சிரித்திருக்கிறார்கள். இவள் சிரிக்கவில்லை. பட்டாசு கம்பெனிகளில் வாரக் கூலி, தீபாவளி முடிந்ததும் பூட்டு, திறக்கும்வரை கையில் காசு கிடையாது என்பதை விளக்கினாள். கடைசியில் அவள் இஷ்டப்படி எழுத விட்டுவிட்டார்கள்.

யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்த மாசம் கை காயும்?" என்பதுதான். சம்பளம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று கேட்டால் ஆட்கள் பொய் சொல்வார்களாம், இதற்கு மட்டும் உண்மை வந்துவிடுமாம். மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் என் சித்தப்பாவிடம் இதைக் கேட்டுவிட்டாள். மானாவாரி விவசாயி அவர், கொஞ்சம் மிடுக்கான ஆள். முகம் சுருங்கியது. ஆனால் பாயசம் வருவதற்குள், விதைப்புக்கு யாரிடம் கை நீட்டுகிறார், மகசூலில் பாதி எங்கே போகிறது என்பதையெல்லாம் கொட்டிவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அதுவரை தெரியாத விஷயம் அது.

ஒரு தீபாவளிக்கு ஒரு நிதி நிறுவனத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெரிய பட்டாசுப் பெட்டி வந்தது. வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினாள். என் பிள்ளைகள் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. பட்டாசு ஊரில் பட்டாசைத் திருப்பி அனுப்பிய ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். எனக்கும் கோபம்தான். ஆனால் அன்று அவள் நின்ற நிமிர்வைப் பார்த்தபோது, இவள் சொல்வதை ஊர் ஏன் நம்புகிறது என்று புரிந்தது.

நான் வேலை பார்ப்பது சிவகாசியில், தினசரிக் காலண்டர் அடிக்கிற ஓர் அச்சகத்தில். தேதித் தாளின் பின்பக்கம் கைவைத்தியம், சமையல் குறிப்பு என்று எதையாவது போட்டு நிரப்புவோம். ஒரு வருடம் முதலாளி, "உங்க வீட்டம்மாகிட்ட வாரம் ஒரு பணக் குறிப்பு கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றார். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டரின் மாதிரியை வெளியிட வேண்டும், அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும். இன்று எழுதுவது அடுத்த வருடக் கடைசியில்கூடப் படிக்கப்படும். அதனால் வட்டி விகிதம், தங்கம் விலை எதையும் எழுத முடியாது. எந்த வருடத்துக்கும் பொருந்துகிற மாதிரி, இரண்டே வரியில் இருக்க வேண்டும். அவள் இதற்குப் பட்ட பாட்டை வேறெதற்கும் பட்டதில்லை. அடித்து அடித்து எழுதினாள்.

குறிப்புகளைச் சனிக்கிழமைத் தாளில் போடலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "காலண்டர்காரருக்கே இது தெரியலையா? சனிக்கிழமைத் தாளை ஞாயித்துக்கிழமைதான கிழிப்பாக? அப்பத்தான பின்பக்கம் படிப்பாக? அதுக்குள்ள கூலிக்காசுல பாதி போயிருமே. வெள்ளிக்கிழமைத் தாள்ல போடுங்க. சனிக்கிழமை காலையில கிழிச்சுப் படிச்சிட்டு கம்பெனி வேன் ஏறட்டும்." அச்சகத்தில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. பெருமையாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து விஸ்வநத்தத்துக்காரி. முந்தின வருடம் பட்டாசு கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். அதே கம்பெனியில்தான் இவளும் வெடிமருந்து அடைக்கிற அறைக்கு இன்னமும் போய்க்கொண்டிருந்தாள். அந்த வேலைக்குத்தான் கூலி கூடுதல். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். புருஷனுக்கான நிவாரணப் பணம் அப்போதுதான் மொத்தமாகக் கைக்கு வந்திருந்தது. கூடவே அவள் அண்ணனும் வந்திருந்தான். தொழிலாளர்களைக் கம்பெனிக்கு ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறவன்.

"வாங்க, உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் தாளை நீட்டினாள். 'பெரிய தொகை கைக்கு வந்தால், ஒரு தீபாவளி போகும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். வங்கியில் தூங்கட்டும்' என்று அச்சாகியிருந்தது.

"இது நீங்க எழுதினதுதானக்கா?"

என் மனைவி பதில் சொல்வதற்குள் அண்ணன் பேசினான். "அக்கா, நான் ஏமாத்துறவன் இல்ல. நல்ல வேன் ஒண்ணு வெலைக்கு வருது. சீசன்ல ஆள் ஏத்த வேன் பத்தாமக் கெடக்கு. இவ பணத்தப் போட்டா மாசாமாசம் அவளுக்குன்னு ஒரு தொகையத் தந்திருவேன். நீங்க என்னடான்னா காலண்டர்ல எழுதி வச்சு அவளக் கொழப்பிட்டீக."

எனக்கு அவனைப் பிடித்திருந்தது. ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. என் மனைவி அவனுக்குப் பதில் சொல்லாமல் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள். "இந்தப் பணத்த வச்சு உனக்கு என்ன வேணும்?"

"தெரியலக்கா."

"அது தெரியிற வரைக்கும் தொடாத." பிறகு அண்ணனிடம் திரும்பி, "தம்பி, உங்க வேனப் பத்தி நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. என்ன வேணும்னு அவளுக்கே இன்னும் தெரியல. தெரியட்டும்" என்றாள்.

"அதுவரைக்கும் வேன் நிக்குமாக்கா?"

"நிக்காது. வேற வேன் வரும்."

அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான். அவர்கள் போனதும் நான் சண்டைக்கு நின்றேன். வேன் நல்ல தொழில்தானே, வங்கி வட்டியைவிடக் கூடத்தானே கிடைக்கும் என்றேன். "கூடத்தான் கெடைக்கும்" என்றாள் அமைதியாக. "ஆனா அண்ணங்கிட்டக் கொடுத்த காசத் தேவைப்படுறப்போ திருப்பிக் கேக்க முடியுமா அவளால? கேட்டா அண்ணனுந்தான் போவான்."

மறுவாரம் என் மனைவி லீவு போட்டுவிட்டு அந்தப் பெண்ணுடன் வங்கிக்குப் போனாள். தீபாவளிக்குப் பிறகு முடிகிற மாதிரி டெபாசிட் போட்டு, வாரிசாக மகள் பெயரை எழுதவைத்து, ரசீதை வரிவரியாக அவளையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அண்ணன் கடன் வாங்கி அந்த வேனை வாங்கிவிட்டான். அது நன்றாகவே ஓடியது. முக்குரோட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஹாரன் அடித்து, "பாத்தீகளா அண்ணாச்சி, வேன் ஓடுது!" என்பான். வீட்டில் வந்து சொன்னால், "ஓடட்டும், நல்லா ஓடட்டும். ஓடாதுன்னா நான் சொன்னேன்?" என்பாள். சொல்லிவிட்டு அடுப்படியில் ஏதோ ஒரு பாத்திரத்தைத் தேவையில்லாமல் தேய்த்துக்கொண்டிருப்பாள். தன் இரண்டு வரியை நம்பி ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்ற பயம் அவளுக்கு இருந்தது. வெளியில் காட்டவில்லை, அவ்வளவுதான். அந்த மாதங்களில் அவள் மேல் எனக்கு இருந்த மரியாதை இன்னும் கூடியது.

தீபாவளி முடிந்தது. கம்பெனிகளைப் பூட்டினார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. பட்டாசு வேலை இல்லாத அந்த நாட்களில்தான் எங்களுக்குக் காலண்டர் சீசன். அங்கிருந்து பலர் இங்கே வேலைக்கு வருவார்கள். அந்தப் பெண்ணும் வந்தாள். காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். வேலை சுத்தமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவர்களோடு சிரித்துப் பேசுவதையும் பார்த்தேன். முதல்முறை வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

கம்பெனி திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்த வாரம், அவள் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்த முறை தனியாக.

"அக்கா, என்ன வேணும்னு கேட்டீகள்ல? இப்பத் தெரிஞ்சிருச்சு."

"சொல்லு."

"அவுக போனதுல இருந்து, தெனமும் நான் திரும்பி வருவேனா மாட்டேனான்னு எம்மக வாசல்லயே நிக்கிறா. வேன் வர்ற வரைக்கும் உள்ள போறதில்ல, சாப்பிடறதில்ல. இந்தக் காலண்டர் வேலைக்கு வந்த நாள்ல இருந்துதான் கொஞ்சம் நிம்மதியா இருக்கா. அவ வாசல்ல நிக்கக்கூடாதுக்கா. அதுக்கு எம்புட்டு ஆகும்?"

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தாள். மருந்து அறையில் வாங்குகிற கூலிக்கும் அச்சகத்துக் கூலிக்கும் எவ்வளவு வித்தியாசம், சீசன் முடிந்தால் நோட்டுப் புத்தகம், லேபிள் என்று வருடம் முழுக்க வேலை உண்டா என்று என்னைப் பிடித்துக் கேட்டாள். டெபாசிட் பணத்தைத் தபாலாபீசில் போட்டு மாதாமாதம் வட்டி வாங்கினால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அடைந்துவிடும் என்று வந்தது.

"முழுசா அடையாது. தீபாவளிக்கு போனஸ் கொறையும். துணிமணி கொறையும்" என்றாள்.

"கொறையட்டும்க்கா."

"அப்ப முடியும். முதலும் அப்படியே இருக்கும்."

மாசியில் ஒரு நாள், தபாலாபீசில் கொடுக்க அந்தப் பெண்ணின் ஆதார் நகல் வேண்டியிருந்ததால் நாங்கள் இருவரும் விஸ்வநத்தம் போயிருந்தோம். சாயங்காலம். அவள் தெருவின் முனையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது அந்த வேனே வந்தது. அண்ணன்தான் இப்போது காலையில் கம்பெனிக்குப் போகிற வழியில் அச்சகத்தில் அவளை இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றிக்கொண்டு வருகிறான். எங்களைப் பார்த்ததும் ஹாரன் அடித்தான். வேன் ஓடுகிறது என்று இந்தமுறை சொல்லவில்லை. "காப்பி சாப்பிட்டுத்தான் போகணும்க்கா, பாதியில வைக்கக்கூடாது" என்றான்.

அவள் இறங்கி எங்களோடு நடந்து வந்தாள். அவள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் சட்டென்று நின்றாள். வாசலில் யாரும் இல்லை. கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே டிவி சத்தம் கேட்டது.

"அடியே, அம்மா வந்திருக்கேன்! எட்டிக்கூடப் பாக்கமாட்டியா?" என்று பொய்க்கோபமாகக் கத்தினாள்.

உள்ளேயிருந்து மகளின் குரல் எரிச்சலாக வந்தது. "நீ வருவன்னுதான் தெரியும்ல! பாட்டு ஓடுது, சத்தம் போடாத!"