தேவசகாயம் எடுக்க மறுத்த பச்சை

லாலாகுடா ரயில் பட்டறையில் வர்ணம் பூசுகிறவர்கள் முப்பது பேர் இருந்தார்கள். ஆனால் அடிபட்டு வந்த பெட்டியில் ஒரு பலகையை மட்டும் மாற்றி, பழைய பச்சைக்குப் பொருத்தமாகப் பூச வேண்டுமென்றால் ஒரே ஆளைத்தான் கூப்பிடுவார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து நிஜாம் சீமைக்குப் பிழைக்க வந்த தேவசகாயம்தான் அந்த ஆள். தகரத் துண்டில் ஒரு தீற்றல் பூசுவார், காயவிடுவார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி ஒரு சொட்டு மஞ்சள் விடுவார். மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினாலும் சரி, பெட்டியை உடனே அனுப்பச் சொல்லித் தந்தி வந்தாலும் சரி, ஒட்டுத் தெரிந்தால் மனிதர் விடமாட்டார்.

இப்படிப்பட்டவருக்குப் பச்சை தெரியாது என்று எழுதிவிட்டார்கள். கேட்டால் வயிறு எரியுமா எரியாதா?

1912ஆம் வருஷம் புது உத்தரவு ஒன்று வந்தது. கொடி, விளக்கு, வர்ணம் எதைத் தொடுகிறவனாக இருந்தாலும் அவனுக்கு நிறம் தெரிகிறதா என்று கண் பரிசோதனை செய்ய வேண்டும். வெள்ளைக்கார டாக்டர் ஒரு கூடை நிறையக் கம்பளி நூற்கண்டுகளை மேஜைமேல் கொட்டினார். வெளிறிய பச்சைக் கண்டு ஒன்றை எடுத்துத் தனியே வைத்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குமாஸ்தா கிருஷ்ணமூர்த்தி, “இதைப்போல இருக்கறதையெல்லாம் எடுத்து வையும்” என்று தமிழில் சொன்னார்.

தேவசகாயம் ஒவ்வொரு கண்டாக ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்துக் கையை விரித்தார்.

“இதுக்கு ஜோடி இதுல ஒண்ணுகூட இல்லீங்க.”

டாக்டர் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார். மாதக் கடைசியில் வேலை போகும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மறுபரிசோதனை ஒரே ஒரு முறைதான்.

வீட்டில் மனைவி ஆரோக்கியமேரி பிடித்துக்கொண்டாள். “ஏங்க, பச்சையா கீறதையெல்லாம் அள்ளிப் போட்டுட்டு வர்றதுக்கு இன்னா கேடு?”

“ஒண்ணு கிளிப்பச்ச, இன்னொண்ணு பாசிப்பச்ச. ரெண்டும் ஒண்ணுதான்னு எந்த வாயால சொல்றது மேரி?”

“மூணு புள்ளைங்களோட தெருவுல நிக்கறப்பவும் இதையே சொல்லிக்கினு இருங்க.”

“நக்கோ மேரி, வேணாம், அழாத.”

சொன்னாரே தவிர, பயம் அவருக்கும் இருந்தது. தெரிந்தே பொய்ப் பொருத்தம் காட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதும் தெரிந்திருந்தது. அதற்குத்தான் அவருக்குக் கை வரவில்லை.

மறுபரிசோதனையில் அதே கூடை, அதே வெளிறிய கண்டு. தேவசகாயம் ஒன்றையும் தொடவில்லை.

“சாமி, தொரைகிட்ட ஒண்ணு கேளுங்க. அவங்க பாஷையில க்ரீன்னா இன்னா? எங்கேர்ந்து எது வரைக்கும்?”

கிருஷ்ணமூர்த்தி டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். துரையிடம் போய்க் கேள்வி கேட்பதா? மென்று விழுங்கித்தான் கேட்டார். டாக்டரோ கோபிப்பதற்குப் பதில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வளர்வதற்கு அவர்கள் சொல்லும் ‘க்ரோ’, புல்லுக்குச் சொல்லும் ‘க்ராஸ்’, ‘க்ரீன்’ மூன்றும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை என்றார். முளைத்து உயிரோடு நிற்பது எதுவோ அது க்ரீன். காயாத மரத்தையும் அப்படித்தான் சொல்வோம், தொழில் பழகாத பையனையும் அப்படித்தான் சொல்வோம் என்றார்.

தேவசகாயத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பச்ச மரம், பச்சப் புள்ள! நம்ப வூட்டுக் கததான். தொரை ஜோடியக் கேக்கல, குடும்பத்தக் கேக்கறாரு. இத மொதல்லயே சொல்லக் கூடாதா சாமி?”

பிறகு அவர் கை நிற்கவில்லை. முளை விடுகிற நிறத்தில் தொடங்கி, தளிர், இலை, முற்றிய இலை, உதிரப்போகிற இலை என்று இருபத்து மூன்று கண்டுகளை வரிசையாக அடுக்கினார். அதில் இரண்டு ஒன்றேதான் என்று நினைத்து டாக்டர் சேர்த்து வைத்தார். தேவசகாயம் மரியாதையாக மறுபடி பிரித்து வைத்தார். டாக்டர் நூலில் கட்டியிருந்த சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். நம்பர் வேறு வேறாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய வரியை அடித்துவிட்டுத் தேறினார் என்று எழுதிக் கொடுத்தார்.

காகிதம் கைக்கு வந்ததும் வேறு யாராக இருந்தாலும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். தேவசகாயம் நகரவில்லை.

“வெளிய என்னாட்டம் தவறிப்போன ரெண்டு பேரு நிக்கறாங்க. அவங்களுக்கும் குடும்பத்த எடுன்னு சொல்லிக் கேளுங்க.”

“உம்ம காரியம்தான் ஆயிடுத்தே, போமேன்!” என்று கிருஷ்ணமூர்த்தி பல்லைக் கடித்தார். ஆனாலும் டாக்டர் தலையசைத்தார்.

கொடி காட்டுகிற உலகநாதன் ஐந்து நிமிஷத்தில் தேறினார். அடுத்து வந்தவர், சிக்னல் விளக்கு ஏற்றுகிற தியாகு. தளிர்ப் பச்சையை எடுத்து வைத்தார். அதன் பக்கத்தில், கொஞ்சமும் தயங்காமல், செங்கல் சிவப்பை எடுத்து வைத்தார்.

நம் வாயாலேயே இவனைக் கூப்பிட்டு, இருந்த ஒரே வாய்ப்பையும் கெடுத்துவிட்டோமே என்று தேவசகாயம் பதறினார். ஆனால் அந்தக் கண்ணை நம்பி ஒரு ரயில் முழுக்க ஜனம் வருகிறது. அந்தச் சிவப்பைப் பச்சை என்று அவரால் சொல்ல முடியுமா? டாக்டர் பேனாவை எடுத்தார். தேவசகாயம் மேஜைக்கு அருகே போய் நின்றார்.

“இவன் கையில வெளக்கு வேணாம் தொரை, நானே சொல்றேன். ஆனா சம்மட்டி அடிக்கறதுக்குப் பச்ச எதுக்கு, செவப்பு எதுக்கு? கொல்லன் காட்டற எடத்துல அடிச்சா போதும். கொல்லுப்பட்டறையில போடுங்க. கைவசம் வேலையில்லன்னா இவனும் புள்ளைங்களும் செத்துப் பூடுவாங்க.”

இந்தத் தடவை கிருஷ்ணமூர்த்தி மென்று விழுங்கவில்லை. தியாகுவுக்கு நாலு குழந்தைகள் என்று தன் பங்குக்கும் ஒரு வார்த்தை சேர்த்தே சொன்னார். டாக்டர் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

தியாகு பதினெட்டு வருஷம் அந்தக் கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்தார்.