பூட்டி வைத்த பூங்குருவி

பின்லாந்தின் ஓலு நகரத்தில் குளிர்காலம் பிப்ரவரி கடைசி நாளோடு முடிந்துவிடும். வெளியே பனி இடுப்பளவு கிடக்கட்டும், வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டைக் காட்டட்டும். பறவை பார்ப்பவர்களுக்கு மறுநாள் வசந்தம். அதற்குமேல் கண்ணில் படும் எதுவும் குளிர்காலக் கணக்கில் சேராது. பறவைகளுக்கு இந்தச் சட்டத்தை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

காகித ஆலையில் முப்பத்தெட்டு வருடம் உழைத்து ஓய்வுபெற்ற அவுலிஸ், அந்தக் கடைசி நாள் காலையில் அறுபத்தொன்பதாவது பறவையில் நின்றார். ஒரே குளிர்காலத்தில் நகர எல்லைக்குள் எழுபது வகைப் பறவைகளைப் பார்த்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. முதலில் தொடுபவர் பெயர் பறவைச் சங்கத்தின் ஏட்டில் ஏறும். சிக்கல் என்னவென்றால், ஆலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்ற டெர்ஹோவும் அறுபத்தொன்பதில்தான் இருந்தார். மனைவியின் பிறந்தநாளை மூன்று முறை மறந்த அவுலிஸுக்கு, டெர்ஹோ எந்தப் பறவையை எந்தத் தேதியில் பார்த்தார் என்பது தலைகீழ்ப் பாடம்.

பத்து மணிக்கு, முதியோர் இல்லத்தின் பின்பக்கம், சிவப்புப் பழக்கொத்து தொங்கும் மரத்தில் அது உட்கார்ந்திருந்தது. கருங்கழுத்துப் பூங்குருவி! சைபீரியாவிலிருந்து வழி தவறி வருவது. பத்து வருடத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம்.

வழக்கப்படி உடனே சங்கத்தின் செல்பேசிக் குழுவுக்குச் செய்தி போட வேண்டும். அரிய பறவையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வதற்கு இங்கே "பூட்டி வைப்பது" என்று பெயர். அடுத்தவன் மனைவியோடு ஓடிப்போனவனைக்கூட இரண்டு வருடத்தில் காப்பிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பூட்டி வைத்தவனைக் கூப்பிட மாட்டார்கள். அவுலிஸ் செல்பேசியை எடுத்தார், டெர்ஹோவை நினைத்தார், திரும்பப் பைக்குள் போட்டார். இருட்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். படம் எடுக்கப் போனால் கேமரா குளிரில் செத்துக் கிடந்தது. மரத்தடியிலேயே சுற்றிச் சுற்றி நடந்து, கண் நிறையப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். நண்பகலில் லேசாகப் பனி தூவியது.

வீட்டில் மனைவி லெம்பி பட்டாணி சூப்பைக் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"கூட யாரு பாத்தா?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

"படம்?"

"பேட்டரி போயிடுச்சு."

"அப்ப எவன் ஒத்துக்குவான்? படமும் இல்லாம சாட்சியும் இல்லாம வந்தா செல்லாதுன்னு சட்டம் போட்ட மகராசனே நீதானே! டெர்ஹோ பாத்த பருந்த அப்படித்தானே கணக்குலேர்ந்து அடிச்சுவிட்ட?"

"நீ வேணா வந்து பாரேன், லெம்பி."

"பொண்டாட்டி சாட்சி செல்லாதுன்னும் நீதான் எழுதின. உக்காரு, சூப்பு ஆறுது."

சங்கத்துக்காரர்கள் எல்லாரும் இரண்டு மணி நேரத் தொலைவில், உறைந்த கடல்மேல் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் மிச்சமிருந்தவை டெர்ஹோவின் கண்கள் மட்டுமே. மூன்று மணிவரை அவுலிஸ் சுவரைப் பார்த்தார். பிறகு பல் பிடுங்கக் கொடுப்பவர் போல் டெர்ஹோவின் எண்ணை அழுத்தினார்.

அவுலிஸ் மரத்தடிக்குப் போய்ச் சேரவும் டெர்ஹோ வந்து இறங்கவும் சரியாக இருந்தது. கேமராவை அக்குளில் வைத்துக் கோழி அடைகாப்பதுபோல் கொண்டுவந்திருந்தார். பூங்குருவி அதே மரத்தில், யாருடைய மானமும் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் பழம் தின்றுகொண்டிருந்தது. டெர்ஹோ இருபது படம் எடுத்தார். பிறகு குனிந்து மரத்தடியைப் பார்த்தார்.

"இப்பத்தான் பாத்தியா, அவுலிஸ்?"

"இப்பத்தான்."

"இந்தத் தடமெல்லாம் உன் பூட்ஸுதான். அதுமேல மத்தியானம் பேஞ்ச பனி கெடக்கு. உன் காலு உனக்கு முன்னாடியே வந்துடுச்சா?"

அவுலிஸ் தொண்டையைச் செருமினார். "டெர்ஹோ, ஆலையில எத்தனை வருஷம் பக்கத்துல நின்னோம்..."

"நின்னோம். என் பருந்த அடிச்சப்பவும் பக்கத்துலதான் நின்ன." டெர்ஹோ செல்பேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினார். "கண்டுபிடிச்சது டெர்ஹோ, மூணு இருபது, சாட்சி அவுலிஸ். இப்படிப் போடட்டுமா? இல்ல, அவுலிஸ் காலையிலேர்ந்து பூட்டி வெச்சிருந்தான்னு போடட்டுமா? உன் இஷ்டம்தான்யா, நான் கட்டாயப்படுத்தல."

அவுலிஸ் யோசித்த நேரத்தில் பூங்குருவி மூன்று பழம் தின்று முடித்தது.

"சாட்சின்னே போடு," என்றார் கடைசியில். "பேர ஒழுங்கா எழுது."